விளக்கு இருந்த உயரம்

ஒரு வீட்டின் வரலாற்றை எழுதுகிறவர்கள் சுவரைப் பற்றி எழுதுகிறார்கள், தூணைப் பற்றி எழுதுகிறார்கள், கட்டியவன் பெயரை எழுதுகிறார்கள். அந்த வீட்டுக்குள் விளக்கு எந்த உயரத்தில் இருந்தது என்று எழுதியவர் யாரும் எனக்குத் தட்டுப்படவில்லை. தரையிலிருந்து ஒரு சாண் உயரமா, மாடத்தில் இடுப்பளவா, ஆணியில் தோளளவா, உத்திரத்தில் தலைக்கு மேலா? அற்பமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் ஒரு அறை நமக்கு எப்படிப்பட்ட அறையாகத் தெரிகிறது என்பதைச் செங்கல் பாதி தீர்மானிக்கிறது என்றால் மீதியை இந்த உயரம் தீர்மானிக்கிறது. காலடிப்பேட்டையையும் அதை ஒட்டிய திருவொற்றியூரையும் வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். இந்தச் சிறிய நிலத்தில் விளக்கின் சரித்திரம் அசாதாரணமான அடர்த்தியோடு படிந்திருக்கிறது.

பேட்டையின் பெயரில் இருப்பது எவருடைய காலடியும் அல்ல. 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய ஊர். காலெட்பேட்டை, வாயில் உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. இங்குள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலையும் காலெட்டோடு சேர்த்தே கதை சொல்கிறது: கம்பெனியில் வேலை பார்த்த வீரராகவன் என்ற பக்தர் காஞ்சி வரதரைத் தரிசிக்காமல் வேலைக்கு வரமாட்டார், அவர் பக்தியைக் கண்டு அதிசயித்த துரை இங்கேயே ஒரு வரதரை எழுப்பிக் கொடுத்தார் என்று. கதை கதையாக இருக்கட்டும். துரைக்கு வேண்டியிருந்தது துணி. துணிக்கு நெசவாளன், நெசவாளனுக்குக் கோயில். இந்தக் காலெட்டின் உருவம் இன்றும் லண்டனில் தேசிய உருவப்பட மாளிகையில் இருக்கிறது. 1716இல் அமோய் சின்குவா என்ற சீனக் கலைஞர் சுடாத களிமண்ணில் செய்து வண்ணம் தீட்டிய சிறு பொம்மை. அளந்து அடக்கிய மியூசிய வெளிச்சத்தில் அவர் நிற்கிறார். அவர் குடியேற்றிய நெசவாளர்கள் எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் நம் கேள்வி.

குழித்தறி அறை ஒரு விசித்திரமான அறை. நெய்கிறவன் கால்கள் குழிக்குள், இடுப்புக்கு மேல்தான் அவன் தரைக்கு வெளியே. பாவு விரிந்து கிடப்பது ஏறக்குறைய தரை மட்டத்தில். மேலேயிருந்து விழும் வெளிச்சம் அவனுக்கு உதவாது, தன் தலை நிழலே பாவில் விழும். பக்கவாட்டில், தாழ்வான சன்னல் வழியாகவோ வாசல் வழியாகவோ வரும் வெளிச்சம்தான் இழையை இழையாகக் காட்டும். சாய்ந்து விழும் ஒளியில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு மெல்லிய நிழல் உண்டு. அறுந்த இழையின் இடத்தில் அந்த நிழல் இல்லை. நெசவாளனின் கண் இழையைப் பார்க்கிறது என்பதைவிட நிழல் விட்டுப்போன இடத்தைப் பார்க்கிறது என்று சொல்வது சரியாக இருக்கும். பொழுது சாய்ந்தால் வேலை நின்றது. கம்பெனியின் துணிக் கணக்கெல்லாம் கடைசியில் சூரியனின் கணக்குத்தான். இருட்டைப் பற்றி அழகுணர்ச்சியோடு பேசும் எவரிடமும் முதலில் இந்தக் குழித்தறி அறையைத்தான் காட்டவேண்டும்.

ஏனென்றால் பேசியிருக்கிறார்கள். ஜப்பானிய நாவலாசிரியர் தானிசாகி 1933இல் நிழல்களைப் புகழ்ந்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அரக்குப் பாத்திரத்தின் பொன் வேலைப்பாடு மங்கலில்தான் உயிர்பெறுகிறது, மின்சாரம் வந்து அதைக் கொன்றுவிட்டது என்பது அவர் வாதங்களில் ஒன்று. அருமையான கட்டுரை, மறுப்பதற்கில்லை. ஆனால் அது இருட்டைத் தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளவனின் கட்டுரை. நம் பக்கத்தில் இருட்டு தேர்வு அல்ல. எண்ணெய் வாங்கக் காசில்லை என்பதற்கு இன்னொரு பெயர்.

எண்ணெய்க்குக் காசில்லாமல் போன ஒருவரின் கதை இந்த ஊரினுடையதுதான். அறுபத்து மூவரில் கலிய நாயனார் திருவொற்றியூர்க்காரர், சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வாணிகர் குலத்தவர். ஒற்றியூர்க் கோயிலில் உள்ளும் புறமும் விளக்கேற்றுவது அவர் தொண்டு. செல்வம் கரைகிறது. உறவினரிடம் எண்ணெய் வாங்கி விற்றுக் கூலியில் ஏற்றுகிறார். அவர்கள் கொடுப்பதை நிறுத்துகிறார்கள். செக்கில் கூலி வேலை பார்க்கிறார்; அதுவும் போகிறது. வீட்டை விற்கிறார், மனைவியை விற்க முயல்கிறார், வாங்குவாரில்லை. கடைசியில் திரியிட்டு வரிசையாக வைத்த விளக்குகளுக்குத் தன் கழுத்தை அரிந்து ரத்தம் நிரப்பப் போகிறார். இறைவன் கை வந்து தடுக்கிறது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இதைப் பாடும்போது பக்தியின் உச்சமாகப் பாடுகிறார். எனக்கு அதில் ஒரு விலைப்பட்டியலும் தெரிகிறது. வெளிச்சம் என்பது உடம்பிலிருந்து எடுக்கப்படுவது. சொத்து, கூலி, வீடு, மனைவி, ரத்தம் என்று வரிசை இறங்குகிறது. அந்த மனைவி என்ன நினைத்தாள் என்று புராணம் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.

சோழர் காலக் கல்வெட்டுகள் இதையே கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கின்றன. ஒரு நந்தாவிளக்கு எரிய 90 ஆடு, சில இடங்களில் 96. அவை சாவாமல் மூவாமல் எண்ணிக்கை குறையாமல் இருக்கவேண்டும். தினம் ஒரு உழக்கு நெய் அளக்கவேண்டும். ஒற்றியூர்க் கோயில் சுவர்களிலும் இப்படி விளக்குக்கு விட்ட தானங்கள் உண்டு. ஒரே ஒரு சுடருக்குப் பின்னால் 90 ஆடும் அவற்றை மேய்க்கும் ஒரு குடும்பமும். அந்த மேய்ப்பனின் குடிசையில் இரவில் என்ன எரிந்தது என்பது கல்லில் இல்லை.

அந்தச் சுடர் எரிந்த அறை எது என்று பார்க்கவேண்டும். கருவறை என்று பெயர் வைத்தவன் வெளிச்சத்தைப் பற்றி யோசித்தவன். நடுப்பகலில் வெளியே வெயில் 1,00,000 லக்ஸ் இருக்கும். உள்ளே ஒரு நெய்ச்சுடர் தரும் வெளிச்சம் ஒன்றிரண்டு லக்ஸ் தேறினால் அதிகம். நேராக உள்ளே நுழைந்தால் ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு நேரம் வேண்டும். நிறம் பார்க்கும் கூம்பு அணுக்கள் பத்து நிமிஷத்துக்குள் இருட்டுக்குப் பழகிவிடும். மங்கலில் உருவம் பார்க்கும் கோல் அணுக்களுக்கு இருபது, முப்பது நிமிஷம் வேண்டும். கோபுர வாசல், பிராகாரம், மண்டபம், அர்த்த மண்டபம் என்று படிப்படியாக வெளிச்சம் குறைய, சுற்றி வந்து, கடைசியில் நிற்கிறவனுக்கு அந்த ஒற்றைச் சுடர் போதுமானதாக ஆகிவிடுகிறது. பிரதட்சிணத்துக்கு ஆகம காரணம் என்னவோ, கண்ணின் காரணம் இது. பிறகு கற்பூரம். பழகிய கண்ணுக்கு அந்தக் கொளுத்தல் பெருவெடிப்பு மாதிரி. ஒரு கணம் விக்கிரகம் முன்னால் வந்து பின்னால் போகிறது. பக்தர் கூட்டத்தில் எழும் அந்தச் சத்தம் பாதி இதனால் எழுவது.

இப்போது பல கோயில்களில் அர்த்த மண்டபம் வரைக்கும் டியூப் லைட், அதற்குமேல் எல்.இ.டி. வரிசை. அதே கற்பூரம்தான், யாருக்கும் முன்னால் பின்னால் எதுவும் நகர்வதில்லை. குருக்கள் தட்டை இன்னும் கிட்டே கொண்டுபோய்க் காட்டுகிறார்.

ஒற்றியூர் மூலவர் ஆதிபுரீசுவரருக்கு இன்னொரு சிறப்பு உண்டு. ஆண்டு முழுவதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டும் கவசம் நீக்கிக் காணலாம். மறைத்து வைப்பதும் வெளிச்சத்தின் ஒரு உத்தி என்பதை இந்த ஊர் வெகுகாலமாக அறிந்திருக்கிறது. இதை நன்றாக உள்வாங்கிய ஒருவர் அடுத்த நூற்றாண்டுகளில் இங்கே அடிக்கடி வந்துபோனார் என்று சொன்னால் மிகையாகாது.

ராமலிங்க அடிகள் சென்னையில் ஏழுகிணறுப் பகுதியில் வளர்ந்தவர். அங்கிருந்து ஒற்றியூருக்கு நடந்து வந்து தரிசித்து வந்தார். வடிவுடையம்மன் மீது மாலை பாடினார். அவர் சிறுவயது பற்றி எல்லா வரலாற்றாசிரியர்களும் சொல்லும் ஒரு நிகழ்ச்சி: மாடியறையில் சுவரில் ஒரு கண்ணாடியை வைத்து, அதன் முன் தீபம் ஏற்றித் தியானத்தில் அமர்ந்தார், கண்ணாடியில் தணிகை முருகன் காட்சி கொடுத்தார். இதை அற்புதமாக ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். என்னைப் பிடித்துவைப்பது அந்த அறையின் ஏற்பாடு. ஒரு விளக்கு, ஒரு கண்ணாடி, ஒரு பார்வை. விக்கிரகம் இல்லை. கண்ணாடி வைத்தவுடன் சிறிய அறைக்குப் பின்னால் இன்னொரு அறை பிறக்கிறது; அங்கே இன்னொரு சுடர் எரிகிறது; அந்த அறைக்குள் போக வழியில்லை. மங்கலான சுடரொளியில் கண்ணாடியை நெடுநேரம் உற்றுப் பார்ப்பவனுக்குத் தன் முகமே கலைந்து வேறு முகமாகும் என்று இன்றைய உளவியல்காரர்கள் சோதித்துச் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதால் அந்தச் சிறுவனின் அனுபவம் சிறுத்துப்போவதாக நான் நினைக்கவில்லை.

அந்த மாடியறையைத்தான் அவர் பிற்பாடு பெரிதாகக் கட்டினார் என்பது என் அபிப்பிராயம். வடலூர் சத்திய ஞான சபை, எண்கோணக் கட்டடம், 1872 ஜனவரி 25, தைப்பூசம். உள்ளே தீபம், தீபத்துக்கு முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்கு முன்னால் ஏழு வண்ணத் திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, பிறகு கலப்பு. ஒவ்வொன்றாக விலக, கடைசியில் ஒரு ஒளி. தமிழ்நாட்டில் ஒருவன் உட்புற ஒளியமைப்பை மட்டுமே பொருளாகக் கொண்டு ஒரு கட்டடம் எழுப்பினான் என்றால் அது இதுதான். கட்டடக் கலை மாணவர்கள் எத்தனையோ வெளிநாட்டு மாதாகோவில்களைப் படிக்கிறார்கள். இதை அந்தக் கண்ணோடு பார்த்தவர்கள் குறைவு. கருவறையில் கல் உருவம் வெளிச்சத்தால் தெரிகிறது. இங்கே வெளிச்சத்தைத் தவிர தெரிவதற்கு வேறொன்றுமில்லை. மறுவருஷம், 1873 அக்டோபரில், மேட்டுக்குப்பத்தில் அவர் உள்ளே இருந்த விளக்கை எடுத்துவந்து வெளியே வைத்தார், அதையே வழிபடச் சொன்னார். 1874 ஜனவரி 30ஆம் தேதி இரவு தாம் ஒரு அறைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டார்.

அவர் கதவை அடைத்த காலத்துக்குச் சற்றுப் பின்னால்தான் மண்ணெண்ணெய் பரவுகிறது. அதற்கு முன் வீட்டு விளக்கு தரையில் இருந்தது, அல்லது மாடத்தில். அகலும் குத்துவிளக்கும் உட்கார்ந்திருப்பவனின் முகத்துக்கும் கீழே எரிபவை. ஒளி கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் வரும். முகங்கள் தெரியும், உத்திரம் தெரியாது. ஓட்டுக்கூரை எவ்வளவு உயரம் என்று ராத்திரியில் யாராலும் சொல்லமுடியாது. அறைக்கு மேல்பக்கம் முடிவே கிடையாது. எழுந்து நடப்பவனின் நிழல் அவனைவிடப் பெரிது, சுவரில் ஏறி மேலே மடங்கும். ஒரு மெழுகுவர்த்திச் சுடரின் ஒளி மொத்தம் ஏறக்குறைய 12 லூமன். அது செம்மஞ்சள் ஒளி. அதில் மஞ்சள் பூசிய முகம், அரக்குச் சிவப்பு, பொன் இவை எழுந்து வரும். நீலம் கறுப்போடு போய்விடும். நம் பெண்களின் அலங்காரத்தில் மஞ்சளும் குங்குமமும் அரக்கும் பொன்னும் வந்து சேர்ந்ததற்கு மங்கலக் காரணங்கள் பல சொல்வார்கள். விளக்கின் நிறத்துக்கும் அதில் பங்கு இருக்கவேண்டும்.

விளக்கு இல்லாத அந்தியில் நேர்மாறு. செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1825இல் இதை எழுதினார்: வெளிச்சம் குறையக் குறையச் சிவப்பு முதலில் இருண்டுபோகும், நீலம் கடைசி வரை நிற்கும். திண்ணையில் அந்திநேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் குங்குமம் கறுப்புப் பொட்டாகிறது. உள்ளே விளக்கேற்றியதும் திரும்பச் சிவக்கிறது. வாசலைக் கடந்தால் நிறம் மாறும் இந்த விஷயம் தினமும் எல்லா வீட்டிலும் நடந்தது.

மண்ணெண்ணெய் விளக்குக்குச் சிம்னி உண்டு, திருகு உண்டு. சுடரைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது புதிது. அதைவிடப் புதிது, அதற்கு ஆணி வேண்டும். பின்னால் தகரத் தட்டோடு சுவரில் மாட்டும் விளக்கு தோளளவுக்கு ஏறிவிட்டது. அரிக்கேன் லைட் கையில் நடமாடியது. அறைக்கு ஒரு வட்டம் கிடைத்தது. படிக்கும் பையன், அரிசி பொறுக்கும் தாய், கணக்கெழுதும் தகப்பன் மூவரும் அந்த வட்டத்துக்குள் வந்தாகவேண்டும். வட்டத்துக்கு வெளியே இருப்பவர் வயதானவர் அல்லது விதவை. இதோடு புகையும் வந்தது. புகை படிந்த சுவர் விழும் ஒளியை விழுங்கிவிடும். புதிதாக வெள்ளையடித்த சுவர் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பதைச் சடங்கு என்று மட்டும் பார்க்கிறோம். அதே விளக்கில் இரண்டு மடங்கு வெளிச்சம் வாங்குவதற்கு இருந்த மிக மலிவான வழி அது.

இந்த மண்ணெண்ணெய் ஒரு ராத்திரி வெளியே எரிந்தது. 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கடலுக்கு வந்து துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. நகரம் விளக்குகளை அணைக்காமல் இருந்தது, குறிபார்க்க வசதி. தொட்டிகள் எரிந்தன. துறைமுகத்துக்கு வடக்கே சில மைலில் இருக்கும் எங்கள் பேட்டையில் அன்றிரவு அறைகள் எப்படி இருந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளத்தான் வேண்டும்: தெற்குச் சன்னல் சிவந்து, உள்ளே விளக்கு அணைந்து, எதிர்ச்சுவரில் சன்னல் கம்பிகளின் நிழல் ஆடிக்கொண்டு. ஆண்டுக்கணக்கில் எரியவேண்டிய சிம்னி விளக்குகள் எல்லாம் ஒரே ராத்திரியில் எரிந்தன. எம்டன் என்ற சொல் தமிழில் எம்டனாகத் தங்கிவிட்டது; அந்த வெளிச்சத்தை எழுதியவர் இல்லை.

மின்சாரம் சென்னைக்கு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தனியார் கம்பெனி வழியாக, பேசின் பிரிட்ஜ் நிலையத்திலிருந்து வந்தது. 1947இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. சாதாரண வீடுகளுக்குள் அது நுழைய இன்னும் பல காலம் பிடித்தது. நுழைந்தபோது விளக்கு உத்திரத்துக்குப் போய்விட்டது. வயரில் தொங்கும் ஒரு 40 வாட் பல்பு. இது வெறும் வெளிச்சக் கூடுதல் அல்ல, அறையின் தலைகீழ் மாற்றம். முதல் தடவையாக உத்திரம் தெரிந்தது, ஒட்டடை தெரிந்தது, அறைக்கு மேல்பக்கம் ஒரு முடிவு வந்தது. நிழல் சுவரிலிருந்து இறங்கிக் காலடியில் சுருண்டது. முகத்தில் கண்குழிகள் இருண்டன. தாழ்ந்த விளக்கில் இளமையாகத் தெரிந்தவர்களுக்குப் பல்பு பத்து வயது கூட்டியது. வட்டம் கலைந்தது. எந்த மூலையிலும் உட்காரலாம் என்றானபோது எல்லோரும் ஒவ்வொரு மூலைக்குப் போனார்கள். சுவர் முழுக்கத் தெரிய ஆரம்பித்ததால் சுவருக்கு ஏதாவது வேண்டியிருந்தது: காலண்டர், சட்டம் போட்ட தாத்தா, சாமி படங்கள்.

பிறகு டியூப் லைட். அதே 40 வாட்டுக்கு ஐந்தாறு மடங்கு ஒளி. சோக், ஸ்டார்ட்டர், இரண்டு தடவை சிமிட்டல், பிறகு வெள்ளை. தாமதமாகப் புரிந்துகொள்பவனுக்கு டியூப் லைட் என்று பட்டம் கொடுத்த பாஷை நம்முடையது. அது பெரும்பாலும் உத்திரத்தில் தொங்கவில்லை, சுவரின் மேல்பாகத்தில் மரப்பட்டையோடு அறையப்பட்டது. இங்கே ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது. 1973இல் அமெரிக்காவில் ஜான் ஃப்ளின்னும் உடன் வேலை செய்தவர்களும் ஒரு பரிசோதனை வெளியிட்டார்கள். ஒரே கூட்ட அறை, அதே மேசை, அதே நாற்காலி, ஆறு விதமான ஒளியமைப்பு, 96 பேர். அறை எப்படித் தோன்றுகிறது என்று கேட்டார்கள். சுவர்களில் ஒளி விழுந்தபோது அறை விசாலமாகத் தோன்றியது. மேலிருந்து சீராகக் கொட்டியபோது பொருள்கள் தெளிவாகத் தெரிந்தன. ஓரங்களில் மட்டும் ஒளியிருந்தபோது மனசு இளகியது. ஒரு அங்குலம்கூட மாறாத அறை ஆறு அறைகளாக இருந்தது.

பத்துக்குப் பத்து ஒண்டுக்குடித்தன அறையில் ஆறு பேர் படுத்த காலடிப்பேட்டைக்காரர்கள் ஃப்ளின்னைப் படிக்காமலே டியூப் லைட்டைச் சுவரில் அறைந்தார்கள். எதிர்ச்சுவர் நீலம் கலந்த சுண்ணாம்பில் குளித்து ஓர் அடி பின்னால் போயிற்று. அது அந்த அறைக்கு வேண்டியிருந்த ஓர் அடி. இதைப் பார்த்து ‘ரசனையற்ற ஆஸ்பத்திரி வெளிச்சம்’ என்று முகம் சுளிப்பவர்கள் அந்த ஓர் அடி தேவைப்படாதவர்கள்.

ஆனால் அதற்கொரு விலை இருந்தது. பழைய டியூப்பின் ஒளியில் சிவப்பு குறைவு. மஞ்சள் பூச்சு நோய்போலத் தெரிந்தது, மாநிறம் சாம்பலாகத் தெரிந்தது. பெண் பார்க்கும் சடங்கு குத்துவிளக்கடியிலிருந்து டியூப் லைட்டின் கீழ் வந்தபோது எத்தனை பெண்கள் ‘கொஞ்சம் நிறம் மட்டு’ என்று ஆனார்கள் என்பதற்குக் கணக்கு கிடையாது. அந்த வெறுப்பு மனசில் ஏற்கனவே இருந்ததுதான். டியூப் அதற்குச் சாட்சி சொல்ல வந்தது. அதே சமயத்தில் பவுடர் டப்பாவின் வெண்மையும் கட்டாயமாகிவிட்டது என்று எங்கள் தெரு மூதாட்டிகளின் பேச்சை வைத்து நான் ஊகிக்கிறேன். ஜவுளிக்கடையில் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெயிலுக்கு ஓடும் பெண்கள் மட்டும் எந்த விளக்கையும் நம்பவில்லை. நெசவாளர் பேட்டையின் மிச்சம் அது.

நான் வேலை பார்க்கும் வங்கியில் பகலிலும் டியூப்கள் எரியும். கவுண்டருக்குப் பின்னால் நிழல் என்பதே கிடையாது. நிழலில்லாத இடத்தில் நோட்டு எண்ணுவது சுலபம், மனிதனைப் பார்ப்பது கஷ்டம். எட்டு மணி நேரம் எதிரே வந்துபோன முகங்களில் ஒன்றுகூட சாயங்காலம் ஞாபகம் இருப்பதில்லை. இதற்குக் களைப்பும் காரணமாகலாம்.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். ‘மணிக்கொடி’ தொடங்கியது 1933. அதில் எழுதியவர்கள் விளக்கு தரையிலிருந்து உத்திரத்துக்கு ஏறிக்கொண்டிருந்த தலைமுறை. சிம்னி விளக்கில் பிறந்து பல்பில் எழுதியவர்கள். மௌனியின் ‘அழியாச்சுடர்’ 1937இல் வந்தது. அவருடைய கதைகளில் மனிதர்களைவிட அவர்கள் நிழல் பெரிதாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லிவிட்டோம். அகவயம், தத்துவம், பிரக்ஞையோட்டம் என்று பெயர்களும் வைத்துவிட்டோம். கோயில் மண்டபத்து இருட்டுக்குக் கண் பழகக் காத்திருந்த ஒருவரின் உரைநடை அது என்று நேராகச் சொல்ல நமக்குக் கூச்சம். அவர் வாக்கியங்களும் வாசகனைக் காக்க வைக்கின்றன. சட்டென்று நுழைந்தால் ஒன்றும் தெரிவதில்லை. எதிர்முனையில் அசோகமித்திரன். ‘தண்ணீர்’ 1973. ஒளி எல்லாப் பொருள் மீதும் ஒரே மாதிரி விழுகிறது. குடமும் துக்கமும் ஒரே தெளிவில் இருக்கின்றன. இது டியூப் லைட்டின் உரைநடை என்றால் குறையாகச் சொல்லவில்லை. சென்னையின் குறுகிய வாடகை அறைகளுக்கு அந்த ஓர் அடியைச் சம்பாதித்துக் கொடுத்த உரைநடை அது. யதார்த்தம், அகவயம் என்று இரண்டு கட்சி கட்டி முப்பது நாற்பது வருஷம் சண்டை போட்டோம். சண்டையின் ஒரு பாதி விளக்கு எங்கே மாட்டப்பட்டிருந்தது என்பதைப் பற்றியது. மறுபாதியை நான் இங்கே தொடவில்லை. வர்க்கமும் சாதியும் சினிமாவும் இருக்கின்றன, எல்லாவற்றையும் ஒரு பல்பில் கட்டித் தொங்கவிடும் உத்தேசம் எனக்கில்லை.

ஒன்று மட்டும் சொல்லவேண்டும். நம் விமர்சகர்கள் எந்த நாவலைப் பற்றி எழுதினாலும் ‘சமூக அவலத்தை வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது’ என்கிறார்கள். எந்த வெளிச்சம்? எந்தப் பக்கத்திலிருந்து? நெசவாளனைக் கேட்டால் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் அறுந்த இழை தெரியாது என்பான்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கியது, மொத்தத் திறன் 450 மெகாவாட் வரை வளர்ந்தது, 2017 மார்ச்சில் மூடப்பட்டது. மாநிலத்துக்கு வெளிச்சம் போயிற்று, கழிமுகத்துக்குச் சாம்பல் வந்தது. தீக்குச்சி செய்த விம்கோவின் பெயர் ஒரு ரயில் நிலையத்துக்கும் ஒரு மெட்ரோ நிலையத்துக்கும் ஆகியிருக்கிறது. இந்தக் கரையின் தொழில்களில் எத்தனை நெருப்போடு சம்பந்தப்பட்டவை என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். 2008இலிருந்து சில வருஷங்கள் மின்வெட்டு கடுமையாக இருந்தபோது மெழுகுவர்த்தி திரும்ப வந்தது. தரைக்கு வந்த விளக்கைச் சுற்றி வட்டமும் திரும்ப வந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பேசிக்கொண்டார்கள் என்று இப்போது ஏக்கத்தோடு சொல்கிறார்கள். புழுங்கிச் செத்தோம் என்பதை மறந்துவிட்டார்கள்.

2021 பிப்ரவரி 14ஆம் தேதி மெட்ரோ ரயில் வந்தது. காலடிப்பேட்டை நிலையம் நெடுஞ்சாலைக்கு மேலே தூண்களில் நிற்கிறது. சாலையோர வீடுகளின் முன்னறைகளில் பகல் வெளிச்சத்தின் ஒரு பங்கு போய்விட்டது. நண்பகலிலும் விளக்குப் போடுகிறார்கள். ராத்திரி மாடியறைச் சுவரில் ரயிலின் சன்னல்கள் வரிசையாக ஓடி மறைகின்றன. சோடியம் விளக்கின் செம்மஞ்சள் போய்த் தெருவுக்கும் எல்.இ.டி.யின் வெள்ளை வந்தாயிற்று. அறைக்குள் 9 வாட் பல்பு, பழைய 60 வாட்டுக்குச் சமம், மஞ்சளாகவோ வெள்ளையாகவோ கேட்டு வாங்கலாம். எங்கள் தெருக் கடையில் மஞ்சள் கேட்பவர்கள் அபூர்வம். வெள்ளைதான் சுத்தம் என்கிறார் கடைக்காரர்.

இப்போது பல வீடுகளில் படுக்கும் நேரத்தில் அந்த வெள்ளை பல்பையும் அணைத்துவிடுகிறார்கள். நைட் லாம்ப் என்று முன்பு எரிந்த ஜீரோ வாட்டும் (உண்மையில் அது பத்துப் பதினைந்து வாட் தின்னும்) கிடையாது. இருட்டில் செல்போன் எரிகிறது. விளக்கு மறுபடி கைக்கு, மார்பளவுக்கு, முகத்துக்குக் கீழே வந்துவிட்டது. உத்திரம் மறுபடி தெரியாமல் போய்விட்டது. ஒளி கீழிருந்து முகத்தில் விழுகிறது, அகல் வைத்த மாதிரி. ஆனால் நீலம் தூக்கலான ஒளி, குங்குமம் அதில் கறுக்கிறது. ஒரே பாயில் மூன்று பேர் படுத்திருந்தால் மூன்று தனித்தனி முகங்கள் மிதக்கின்றன, நடுவில் இருட்டு. பழைய வீடுகளில் விளக்கு மாடம் இன்னும் இருக்கிறது. சார்ஜர் அதில்தான் செருகியிருக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை.